இடப்பக்கத்துப் பந்து

மோர்னிங்சைட் ஸ்பாரோஸ் அணி முந்தின வருடம் பதினான்கு ஆட்டங்களில் இரண்டைத்தான் வென்றிருந்தது. அந்த இரண்டிலும் ஒன்று, எதிரணிக்கு ஆள் போதாமல் சும்மா கிடைத்த வெற்றி. ரொறொன்ரோவையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த பெண்கள் பேஸ்போல் லீக்கில் மொத்தம் எட்டு அணிகள். ஸ்பாரோஸ் எட்டாவது இடம்.

அந்த அணிக்குப் பந்தெறிபவள் தக்ஷிகா. வயது இருபத்தேழு, மருந்துக்கடை ஒன்றில் வேலை. தாய் தகப்பன் மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள். அவள் ஸ்காபரோவிலேயே பிறந்தவள். கையில் நல்ல வேகம் இருந்தது. ஆனால் பந்து எங்கே போகும் என்பது அவளுக்கே நிச்சயமில்லை. நான்கு பந்து தவறாகப் போனால் அடிக்க வந்தவள் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸுக்கு, ஓட்டம் எடுக்கச் சுற்றிவரும் நான்கு முனைகளில் முதலாவதுக்கு, நடந்து போகலாம் என்பது விதி. தக்ஷிகா எறியத் தொடங்கினால் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக, தேர்த் திருவிழாவுக்குப் போவது போல் நடந்தார்கள். ஒருத்தி நடந்தால் தக்ஷிகாவுக்கு நெஞ்சு படபடக்கும். படபடத்தால் அடுத்தவளும் நடப்பாள்.

ஏப்ரலில் அணிக்கு ஒரு புதுக் கச்சர் வந்தாள். கச்சர் என்பவள் அடிப்பவளுக்குப் பின்னால் முகக்கூடு போட்டுக் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவள். என்ன பந்து எறியவேண்டும் என்று விரலால் சைகை காட்டுவதும் அவள்தான். பழைய கச்சர் கல்யாணம் கட்டி கல்கரிக்குப் போய்விட்டதால் அந்த இடம் காலியாக இருந்தது. வந்தவள் நாற்பத்து மூன்று வயதுக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள் போடும் மஞ்சள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் மைதானத்துக்குள் இறங்கினாள்.

"முன்பு விளையாடியிருக்கிறாயா?" என்று பயிற்சியாளர் மரியோ கேட்டார். அவர் ஓய்வுபெற்ற கொத்தனார். பேச்சு குறைவு, பெருமூச்சு அதிகம்.

"பார்க்டேலில். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் கச்சர். பிறகு கல்யாணம், பிள்ளைகள்" என்றாள் அவள். பெயர் கௌசி என்றாள்.

தக்ஷிகா எறிந்த முதல் நான்கு பந்தும் நான்கு திசைக்குப் போயின. கௌசி எழுந்து, முகக்கூட்டை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, எறியும் மேட்டுக்கு நடந்து வந்தாள்.

"தமிழோ?"

"ஓம் அக்கா."

"பிறகேன் உந்த விரல் காட்டுற வேலை? நீ என்ர விரலைப் பாத்து யோசிச்சு யோசிச்சே பிழை விடுறாய். நான் வாயால சொல்லுறன். இஞ்ச ஆருக்கு விளங்கப்போகுது?"

அன்றிலிருந்து அதுதான் அவர்களின் முறை. "கீழ தங்கச்சி, கீழ!" "உள்ளுக்கு!" "மெள்ள, மெள்ள!" என்று கௌசி குந்தியிருந்தபடி கத்துவாள். அடிக்க நிற்பவளும் நடுவரும் அவள் உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்தார்கள். தக்ஷிகா தடுமாறினால் கௌசி குரலைத் தாழ்த்துவாள். "ஆறுதலா எறி. பிள்ளையள் இன்னும் பஸ்ஸில ஏறி முடியேல்லை." அதைக் கேட்டால் தக்ஷிகாவுக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் கை இளகும்.

மே மாதம் நான்கு ஆட்டம், நான்கும் வெற்றி. முதல் வெற்றியை ஏதோ தவறு நடந்துவிட்டது போலத்தான் எல்லோரும் பார்த்தார்கள். ஐந்தாவதில் தோற்றார்கள், பிறகு ஆறு ஆட்டம் தொடர்ந்து வென்றார்கள். ஞாயிறு காலையில் வேலி ஓரமாக மடக்குக் கதிரைகள் கூடின. வலது வெளிக்களத்தில் நிற்கும் ஜூலி, இருபத்திரண்டு வயதுப் பெண், புள்ளிப் பட்டியலைத் தொலைபேசியில் படம் பிடித்து வைத்து, கேட்காதவர்களுக்கும் காட்டினாள். மரியோ ஒரு ஆட்டம் முடிந்ததும் பெருமூச்சு விடாமல் வீட்டுக்குப் போனார் என்று பேசிக்கொண்டார்கள்.

பதினொரு வெற்றியோடு ஸ்பாரோஸ் முதல் நான்குக்குள் வந்தது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில்தான் தக்ஷிகா அதைக் கவனித்தாள். கௌசியின் கையுறைக்குத் தப்பிப் பின்னால் ஓடும் பந்துகள் கூடிக்கொண்டிருந்தன. கச்சர்மாருக்குப் பந்து தப்புவது புதுமையில்லை. ஆனால் தப்பியவை எல்லாம் கௌசியின் இடப்பக்கம், தாழ்வாகப் போனவை. கையுறை இருப்பதே இடது கையில்தான். மற்றவர்களுக்கு அது லேசான பக்கம். ஒருநாள் மட்டையில் பட்டு மேலே கிளம்பிய பந்து கௌசியின் இடது தோளிலிருந்து நான்கு அடி தள்ளி விழுந்தது. கௌசி வலப்பக்கம் திரும்பி வானத்தைத் தேடிக்கொண்டு நின்றாள்.

அடுத்த பயிற்சியில் தக்ஷிகா வேண்டுமென்றே மெதுவான பந்துகளாக இருபது எறிந்தாள். பத்து வலப்பக்கம், பத்து இடப்பக்கம். வலப்பக்கத்தில் ஒன்றும் தப்பவில்லை. இடப்பக்கத்தில் ஆறு தப்பின. கௌசி ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பந்தை எடுத்து வந்தாள்.

அரையிறுதி, செப்டம்பர் முதல் திங்களில் வரும் தொழிலாளர் தின விடுமுறைக்கு முந்தின நாள், ஞாயிறு நடந்தது. ஸ்பாரோஸ் ஆறுக்கு மூன்று என்று வென்றது. ஐந்தாவது இன்னிங்ஸில் தக்ஷிகாவின் வேகப் பந்து ஒன்று நிலத்தில் குத்தி எழும்பி, கௌசியின் இடது தோள்மூட்டில் நேராக அடித்தது. தக்ஷிகாவைக் கலங்க வைத்தது அந்த அடியல்ல. பந்து வந்து படும்வரை கௌசியின் கையுறை அசையவே இல்லை.

மற்றவர்கள் கோப்பிக் கடைக்குப் புறப்பட்ட பிறகு, கார்த் தரிப்பிடத்தில் கௌசி காரின் பின்கதவைத் திறந்து சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். தக்ஷிகா கிட்டப் போனாள்.

"அக்கா, இடப்பக்கம் வாற பந்து உங்களுக்குத் தெரியுதோ?"

"வெயில் கண்ணில அடிச்சது."

"போன கிழமை வெயில் இல்லை அக்கா. மழை மூட்டம்."

கௌசி கால்கவசத்தின் பட்டியை இறுக்கிச் சுற்றினாள். பிறகு அவிழ்த்தாள். திரும்பவும் சுற்றினாள்.

"இரண்டு வருசத்துக்கு முந்தி கண்ணாடிக்கடையில சொன்னவங்கள்," என்றாள். "கண்ணுக்குள்ள பிரெஷர் கூடவாம். ஸ்பெஷலிஸ்ற்றைப் பார் எண்டு கடிதமும் தந்தவங்கள். ஒரு நோவும் இல்லை. எழுத்தெல்லாம் வடிவாத் தெரியுது. பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்."

"வீட்டில தெரியுமோ?"

"அவருக்குச் சொன்னால் அண்டைக்கே இழுத்துக்கொண்டு போயிருப்பார். ஃபைனல் முடியட்டும். அடுத்த நாளே போறன்."

"ஃபைனலுக்கு முந்தியே செவ்வாய்க்கிழமை வருது அக்கா. பள்ளிக்கூடம் துவங்குது."

கௌசி கதவை அடித்துச் சாத்தினாள்.

"பதினாறு வருசம். ஒரு பிள்ளைக்கு ஒரு கீறல் பட்டதில்லை. இந்த வருசமும் என்ர றூட்டில இருவத்தொரு பிள்ளையள். ஆர் எந்தப் பக்கத்தால ஓடி வரும் எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். பந்தைப் பற்றி நீ என்ன வேணுமெண்டாலும் சொல்லு. என்ர பஸ்ஸைப் பற்றிக் கதைக்காத."

காரில் ஏறினாள். தெருவுக்கு இறங்கும் இடத்தில் அவள் தலையை இடப்பக்கம் முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒருமுறை. பிறகும் ஒருமுறை. எவ்வளவு காலமாக இப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்து ஓட்டுகிறாளோ என்று தக்ஷிகா அங்கேயே நின்று யோசித்தாள். பார்வை குறைந்ததைக் கழுத்து ஈடுகட்டப் பழகியிருந்தது.

அன்று பகல் முழுக்க அவள் கௌசிக்கு மூன்று முறை தொலைபேசி எடுத்தாள். பதில் இல்லை. பஸ் நிறுவனத்தின் இலக்கத்தைத் தேடி எடுத்து, அழைக்காமல் வைத்திருந்தாள். அழைத்தால் கௌசியின் வேலை போகும். இறுதி ஆட்டமும் போகும். கௌசி இல்லாமல் அவள் எறிந்து ஸ்பாரோஸ் எந்தக் காலத்தில் வென்றது? அழைக்காவிட்டால் செவ்வாய் காலை ஏதோ ஒரு தெரு முடக்கில் ஒரு பிள்ளை இடப்பக்கத்திலிருந்து ஓடி வரும். கௌசியைக் கேவலப்படுத்தாமல் இதைச் செய்ய ஒரு வழி இருக்கவேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. திங்கள் காலை பத்து மணிக்கு ஒரு பந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கௌசியின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது கௌசியின் கணவன் பிரியந்தன். பிறம்ரனில் ஒரு களஞ்சியசாலையில் மேற்பார்வையாளர். விடுமுறை நாளென்பதால் கையில் அகப்பையோடு நின்றார்.

"வாரும் தங்கச்சி, வாரும். கத்தரிக்காய் பொரிக்கிறன். சாப்பிட்டுத்தான் போகவேணும்."

குசினி மேசையில் கௌசி இருந்தாள். தக்ஷிகாவைக் கண்டதும் முகம் இறுகியது.

"அக்கா, ஒரு சின்ன விளையாட்டு," என்றாள் தக்ஷிகா. "நீங்கள் என்ர மூக்கையே பாத்துக்கொண்டிருங்கோ. தலையைத் திருப்பக்கூடாது. அண்ணை பந்தைப் பின்னாலயிருந்து முன்னுக்குக் கொண்டு வருவார். தெரியேக்க சொல்லுங்கோ. அதுக்குப் பிறகு நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

கௌசி அவளை முறைத்தாள். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து இருந்தாள். "கொண்டு வாரும்," என்றாள் கணவனிடம்.

வலப்பக்கத்தில் பந்து காதைத் தாண்டியவுடனே "இந்தா" என்றாள். பிரியந்தன் சிரித்தார். இடப்பக்கம் போனார். பந்து காதைத் தாண்டியது. கன்னத்துக்கு நேரே வந்தது. கௌசி தக்ஷிகாவின் மூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தின் ஓரத்தைக் கடந்த பிறகுதான் "இந்தா" என்றாள்.

பிரியந்தன் சிரிப்பதை நிறுத்தினார்.

"பிறகும் ஒருக்கா," என்றாள் கௌசி.

இரண்டாவது முறையும் அதே இடம். மூன்றாவது முறை அவளாகவே வலது கண்ணைக் கையால் பொத்தினாள். பிரியந்தன் பந்தை மிக மெதுவாகக் கொண்டு வந்தார். கன்னம், புருவம், கண்ணின் ஓரம். கௌசி இன்னும் காத்திருந்தாள்.

"நீர் ஏன் கொண்டு வராமல் நிக்கிறீர்?" என்று கேட்டாள்.

பிரியந்தன் பந்தை மேசையில் வைத்தார். "கௌசி," என்றார், "பந்து உம்மட முகத்துக்கு முன்னாலதான் நிண்டது."

கத்தரிக்காய் கருகும் மணம் வந்தது. பிறகு பிரியந்தன் போய் அடுப்பை நிறுத்தினார். கௌசி வலது கண்ணிலிருந்து கையை எடுத்து, மேசையில் கிடந்த பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிக நேரம் இல்லை. தொலைபேசியை எடுத்துத் தன் மேற்பார்வையாளர் கிளடிஸை அழைத்தாள். நாளைக்கு என் வழிக்கு வேறு ஆளைப் போடு, எனக்குக் கண்ணில் பிழை, எவ்வளவு காலம் என்று தெரியாது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் உடையவில்லை. ஆறாவது தரிப்பில் ஏறும் இரட்டைப் பிள்ளைகள் எப்போதும் பிந்தித்தான் வருவார்கள், விட்டுவிட்டுப் போகவேண்டாம் என்று புது ஆளிடம் சொல்லும்படி சொன்னபோதுதான் உடைந்தது.

வாசல்வரை தக்ஷிகாவோடு வந்தாள்.

"நீ பிழை செய்யேல்லை," என்றாள். "எண்டாலும் நான் உன்னோட கொஞ்ச நாள் கோவமாத்தான் இருப்பன்."

"இருங்கோ அக்கா."

செவ்வாய் காலை நாலே முக்காலுக்குக் கௌசிக்கு வழக்கம்போல விழிப்பு வந்ததாம். உடுத்துவிட்டு, போக இடமில்லாமல் ஏழு மணிவரை கதிரையில் இருந்தாளாம். இதைப் பிரியந்தன்தான் தக்ஷிகாவுக்குச் சொன்னார். வியாழக்கிழமை கண் நிபுணரைப் பார்த்தார்கள். இடது கண்ணில் ஓரப் பார்வை பெரும்பாலும் போய்விட்டது, போனது திரும்பாது. வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது. இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் வைத்தியர். ஒரு நாளும் தவறாமல் சொட்டு மருந்து விடவேண்டும். பஸ் ஓட்ட முடியாது. கச்சராகக் குந்தவும் கூடாது.

இறுதி ஆட்டத்தன்று கௌசி அணிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து களத்தின் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்தாள். தக்ஷிகாவுக்குத் தலையை மட்டும் அசைத்தாள். கச்சராக ஜூலியை மரியோ நிறுத்தினார். ஜூலி பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் கச்சராக இருந்தவள்தான். ஆனால் முகக்கூட்டின் கொளுவியை மாட்ட அவளுடைய விரல்கள் அன்று மறுத்தன. கௌசி எழுந்து போய் மாட்டிவிட்டாள்.

எதிரணி பிறம்ரன், அந்த வருடம் ஒரே ஒரு ஆட்டத்தில் மட்டும் தோற்ற அணி. முதல் இன்னிங்ஸில் தக்ஷிகா ஒருத்தியை நடக்க விட்டாள். அடுத்தவளுக்கும் இரண்டு பந்து தவறிப்போனது. வாங்கிலிருந்து பழகிய குரல் கேட்டது.

"உள்ளுக்கு தங்கச்சி! மெள்ள!"

தக்ஷிகாவுக்கு உயிர் வந்தது. உள்ளுக்கு, மெதுவாக எறிந்தாள். அடிக்க நின்றவள் அதற்காகவே காத்திருந்தவள் போல ஒரு கால் பின்வாங்கி விளாசினாள். பந்து வேலியில் போய் மோதியது. ஒரு ஓட்டம். அடித்தவள் இரண்டாவது பேஸில் நின்று மூச்சு வாங்கியபடி ஸ்பாரோஸ் வாங்கைப் பார்த்துக் கையசைத்தாள்.

"நன்றி அக்கா! நானும் தமிழ்தான். போன மாசம்தான் இந்த ரீமில சேந்தனான். நிரூபா!"

கௌசி வாயைப் பொத்திக்கொண்டாள். வருடம் முழுக்க வென்று கொடுத்த முறை அந்த ஒரு நிமிடத்தோடு முடிந்தது. மரியோ கதை விளங்காமல் ஒவ்வொருவராகப் பார்த்தார். விளங்கியதும், பல கிழமைகளுக்குப் பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார்.

ஜூலி மேட்டுக்கு ஓடி வந்தாள். "எனக்கு உங்கள் மொழி தெரியாது. விரல்தான் தெரியும். நான் மூன்றுதான் காட்டுவேன். வேகம், மெதுவு, வளைவு. சரியா?"

"சரி," என்றாள் தக்ஷிகா. வாங்கைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்கவில்லை. ஜூலியின் விரலை மட்டும் பார்த்தாள்.

அழகான ஆட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. தக்ஷிகா ஐந்து பேரை நடக்க விட்டாள். ஜூலி இரண்டு பந்தைத் தவறவிட்டாள். ஆனால் ஸ்பாரோஸும் அடித்தார்கள். ஆறாவது இன்னிங்ஸ் முடிய ஐந்துக்கு நான்கு என்று ஒரு ஓட்டம் முன்னால் நின்றார்கள். கடைசி, ஏழாவது இன்னிங்ஸில் பிறம்ரனின் இருவர் ஆட்டமிழந்தார்கள். மூன்றாவது ஆளும் விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் ஒருத்தி மூன்றாவது பேஸில் நின்றாள், அடிக்க வந்தது நிரூபா.

ஜூலி வளைவுப் பந்துக்கு விரல் காட்டினாள். தக்ஷிகா எறிந்தாள். கையை விட்டு வெளியேறும்போதே அது பிழையாகப் போய்விட்டது என்று தெரிந்தது. பந்து நிலத்தில் குத்தி, ஜூலியின் நெஞ்சுக் கவசத்தில் பட்டுப் பக்கத்தில் தெறித்தது. மூன்றாவது பேஸில் நின்றவள், அடிப்பவள் நிற்கும் ஹோம் பிளேற்றை நோக்கி ஓடத் தொடங்கினாள். அதைத் தொட்டால் ஆட்டம் சமன். தக்ஷிகாவும் ஓடினாள். ஜூலி முகக்கூட்டை வீசிவிட்டுப் பாய்ந்து, முழங்காலில் நின்றபடியே பந்தைத் தூக்கிப் போட்டாள். தக்ஷிகாவின் கையுறைக்குள் பந்து விழவும், ஓடி வந்தவள் புழுதியைக் கிளப்பிச் சறுக்கவும் சரியாக இருந்தது. அவளுடைய கால் பிளேற்றைத் தொடுமுன் தக்ஷிகா கணுக்காலில் கையுறையை வைத்து அழுத்தினாள்.

நடுவர் குனிந்து பார்த்தார். பிறகு முட்டி மடக்கிய கையை உயர்த்தினார். அவுட்.

ஜூலி வந்து மேலே விழுந்தாள். அவள் மேல் மற்றவர்கள். மரியோ தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நிரூபா மட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து எல்லோருக்கும் கைகொடுத்தாள். கௌசி ஓடி வரவில்லை. எல்லோரும் எழும்பி வெற்றிக் கோப்பை தக்ஷிகாவின் கைக்கு வரும்வரை வாங்கருகே நின்று, பிறகு நடந்து வந்தாள்.

"கோவம் இன்னும் முடியேல்லை," என்றாள்.

"தெரியும் அக்கா."

"முடிஞ்ச உடன சொல்லுறன். இப்ப அந்தக் கப்பை ஒருக்காத் தா."

அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபோது ஜூலி படம் எடுத்தாள். கௌசியின் கண்கள் நிறைந்திருந்தன. படத்தில் அது தெரியவில்லை, சிரிப்பு மட்டும் தெரிந்தது.

பஸ் நிறுவனம் கௌசிக்கு அலுவலகத்தில் வேலை கொடுத்தது. பஸ்கள் எங்கே போகின்றன என்று பார்த்து வானொலியில் சாரதிகளோடு பேசும் வேலை. முதல் கிழமைகளில், காலையில் பஸ்கள் வரிசையாக வெளியேறும்போது அவள் எழுந்து யன்னலடியில் நிற்பாள் என்று கிளடிஸ் பிரியந்தனிடம் சொல்லியிருந்தாள்.

ஒக்டோபரில் ஒருநாள் பின்னேரம் தக்ஷிகா மருந்துக்கடையில் நின்றபோது தொலைபேசி அடித்தது. ஆறு கிழமையாக வராத அழைப்பு.

"தங்கச்சி, இண்டைக்குப் புது ஆளோட என்ர றூட்டில போனனான். சும்மா, தரிப்பெல்லாம் காட்டிக்குடுக்க. பிள்ளையள் என்னைக் கண்டிட்டு எங்க போனனீ எண்டு ஒரே சத்தம். கண் வருத்தம் எண்டு சொன்னன். அந்த இரட்டையள்ள ஒண்டு சொல்லுது, அப்ப நீ எங்களுக்குப் பக்கத்தில இரு, நாங்கள் பாத்துச் சொல்லுறம் எண்டு." கௌசி சிரித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாகி, மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அதுகள் முன்சீற்றில என்னை இருத்திப்போட்டு வழியெல்லாம் கார் வருது, கார் வருது எண்டு கத்திக்கொண்டு வந்ததுகள்."

தக்ஷிகா கையிலிருந்த மருந்துப் பெட்டியைத் தட்டில் வைத்துவிட்டு, தொலைபேசியைக் காதோடு இன்னும் ஒட்டிப் பிடித்தாள்.

"வியாழன் ஒன்பது மணிக்குக் கண்ணுக்கு லேசர் அடிக்கினமாம்," என்றாள் கௌசி. "அவருக்கு லீவு இல்லை. நீ காரைக் கொண்டு வா. எட்டரைக்கு வாசல்ல நிப்பன். பிந்தாத."

"வாறன் அக்கா," என்றாள் தக்ஷிகா.